பழனிச்சாமி வீட்டுக் கேள்வி

என் பேர் செவந்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் ஆம்பளைகளுக்கு இல்லை. திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊர். நான் கந்தர்வக்கோட்டையில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த அன்றைக்கே ‘கந்தர்வக்கோட்டைக்காரி’ ஆகிவிட்டேன். மகள் பிறந்ததும் ‘இலக்கியா அம்மா’. மற்ற நேரமெல்லாம் ‘பழனிச்சாமி வீட்டுக்காரி’. அந்தப் பழனிச்சாமி, அதாவது என் வீட்டுக்காரர், என்னைக் கூப்பிடுவது ‘இந்தா’ என்று. அவர் தொண்டையைக் கனைத்தாலே அடுப்படியிலிருந்து நான் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அது பழகிப்போய்விட்டது.

எங்களிடம் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை இருக்கிறது. அதன் பேர் கருப்பன், அது ஊருக்கே தெரியும். அதற்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுவது நான். குளத்தில் இறக்கி நீச்சல் விடுவது நான். முட்ட வந்தால் ‘சீ போடா’ என்று மூக்கில் ஒரு தட்டு தட்டுவதும் நான்தான். ஆனால் வாடிவாசல் திறந்ததும் மைக்கில் என்ன வரும் தெரியுமா? ‘பழனிச்சாமி மாடு வருது, பழனிச்சாமி மாடு வருது’. கருப்பன் யார் கையிலும் சிக்காமல் ஓடிவிட்டால் மேடையேறிப் பரிசு வாங்குவதும் அவர்தான். எங்கள் வீட்டு அண்டா, குண்டான் எல்லாம் அவர் ஜெயித்தவை. அவற்றில் சோறு வடிக்கிற வேலை மட்டும் எனக்கு.

ஒரு தடவையாவது அந்த மைக்கில் என் பேர் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அழகம்மாளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவளும் சிரிக்கத்தான் செய்தாள்.

“ரேசன் கடையில பேரச் சொல்லிக் கூப்புடுறாங்கள்ல, அது பத்தாதா ஒனக்கு” என்றாள்.

“அது பருப்புக்குக் கூப்புடுறது. எனக்குக் கூப்புட்ட மாதிரி இல்ல” என்றேன். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

இந்த வருசம் எங்கள் ஊரில் ஜல்லிக்கட்டு நடக்கவில்லை. நோட்டீசில் யார் பேர் முதலில் வருவது என்று விழாக் கமிட்டிக்குள் சண்டை. சண்டை முடிந்து, அனுமதிக்கு விண்ணப்பம் போடலாம் என்று இவர்கள் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது தேதி தாண்டிப்போயிருந்தது. ஆனால் பரிசுச் சாமான்களை முன்னாடியே வாங்கிவிட்டார்கள். அண்டா, குடம், தூக்குவாளி எல்லாவற்றிலும் ‘உபயம்’ என்று ஆள் ஆளுக்குப் பேரும் வெட்டியாயிற்று. பேர் வெட்டிய பாத்திரத்தைக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா? பள்ளிக்கூட வராந்தாவில் அடுக்கிவைத்துவிட்டு, கமிட்டித் தலைவர் அய்யப்பன் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

வழி சொன்னவர் கண்ணுசாமி அண்ணன். எங்கள் பக்கத்தில் எந்த ஊர் வாடிவாசல் திறந்தாலும் மைக்கில் அவர் குரல்தான். காளை வெளியே வருவதற்குள் அதன் பெருமையைச் சொல்லி முடித்துவிடுவார். வேலையில்லாமல் ஒரு தை மாதம் போவது அவருக்கும் பொறுக்கவில்லை.

“மாடு இல்லாட்டி என்ன, கேள்விய அவுத்து விடுவோம்” என்றார்.

ஏற்பாடு இதுதான். வீட்டுக்கு ஒரு பொது அறிவுக் கேள்வி. ஜல்லிக்கட்டில் காளையைப் பிடித்தால் பிடித்தவருக்குப் பரிசு, பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்கு. அதே மாதிரி, சரியான பதில் சொன்னால் சொன்னவருக்குப் பரிசு. விசில் ஊதுவதற்குள் யாருக்கும் பதில் வராவிட்டால் கேள்விக்காரருக்கு. தன் வீட்டுக் காளையைத் தானே பிடிக்கக்கூடாது என்பதுபோல, ஒரு வீட்டுக் கேள்விக்கு அதே வீட்டு ஆள் பதில் சொல்லக்கூடாது. முக்கியமாக, பொம்பளைகளும் கேள்வி கேட்கலாம், பதிலும் சொல்லலாம். 

அன்றைக்கே ஒரு கேள்வியைத் தயார் செய்துவிட்டேன். முந்திரி எந்த நாட்டிலிருந்து வந்தது? எங்கள் அப்பா வீட்டுக் கொல்லை முழுக்க முந்திரி மரம்தான். அதனால் அது எங்கள் ஊரிலேயே முளைத்தது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மகள்தான் ஒரு தடவை, அது பிரேசிலில் இருந்து வந்தது என்றாள். நான் நம்பவில்லை. அப்புறம் அவளுடைய புத்தகத்தில் பார்த்த பிறகு இரண்டு நாள் முந்திரி மரத்தைப் பார்த்தாலே கோபமாக வந்தது. எனக்கே தெரியாமல் இருந்த பதில் ஊருக்கு எப்படித் தெரியும்? இது பிடிபடாது என்று உறுதியாக நம்பினேன்.

போட்டியன்று காலையிலேயே கண்ணுசாமி அண்ணனைப் போய்ப் பார்த்தேன். ஒலிபெருக்கி வயரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எங்க வீட்டுக் கேள்விய நாந்தான் கேக்கப்போறேன். கூப்புடயில எம் பேரச் சொல்லிக் கூப்புடுங்க” என்றேன்.

“அதுக்கென்ன தங்கச்சி, சொல்லிட்டாப் போச்சு” என்றார்.

வீட்டுக்குத் திரும்பிப் பாதித் தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. சொல்கிறேன் என்று சொன்ன மனுசன், உன் பேர் என்ன என்று கேட்கவில்லை. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். ரோசம் விடவில்லை. விழாக்காரர், யாரிடமாவது விசாரித்துக்கொள்வார் என்று வந்துவிட்டேன்.

சாயந்திரம் ஊர்ப் பொட்டலில், அதாவது மந்தையில், சரியான கூட்டம். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு வாழைமரத்தை நட்டு, அதுதான் வாடிவாசல் என்றார்கள். கேள்வி கேட்கிறவர் அதன் வழியாகத்தான் மைக்குக்கு வரவேண்டும். இளவட்டங்கள் ஜல்லிக்கட்டுக்கு அடித்து வைத்திருந்த நம்பர் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு, தொடையைத் தட்டிக்கொண்டு முன்னால் நின்றார்கள். பதில் சொல்ல எதற்குத் தொடையைத் தட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லார் போனையும் ஒரு கோழிக்கூடையில் வாங்கிப் போட்டு, அய்யப்பன் அண்ணன் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விசிலும் அவரிடம்தான்.

முதல் கேள்வி கமிட்டி சார்பில், ஜல்லிக்கட்டில் முதலில் சாமி மாடு அவிழ்க்கிற மாதிரி. “புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குன்னு இருந்த காசுக்கு என்ன பேரு?” கேட்டு முடிப்பதற்குள் மந்தையே ‘அம்மன் காசு’ என்று கத்தியது. பரிசை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தூக்குவாளியைக் கோயிலுக்கே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து, ஆறே ஓடாத பெரிய நாடு எது என்று ஒரு கேள்வி. கட்டுமாவடியிலிருந்து மீன் வண்டி கொண்டுவரும் ஷாகிர் தம்பி வேடிக்கை பார்க்க நின்றிருந்தார். அவர் கையைத் தூக்கினார்.

“சவுதிங்க. அங்கிட்டு இருந்த காலம்பூரா ஒரு வாய்க்காலக்கூட நான் பாக்கல” என்றார்.

“வீரர் வெற்றி” என்று கண்ணுசாமி அண்ணன் முழங்கினார். ஷாகிர் குடத்தை வாங்கி மீன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, மீன் வாடை ஏறிவிடாமல் துண்டால் மூடியும் வைத்தார்.

அதற்கப்புறம் எங்கள் அழகம்மாள் களத்தில் இறங்கினாள். நாக்கை வெளியே நீட்ட முடியாத மிருகம் எது என்றதற்கு, “முதல” என்றாள். மூன்று இருதயம் உள்ள உயிர் எது என்றதற்கு, “ஆக்டோபஸு” என்றாள். மூளையைவிடக் கண் பெரிதாக உள்ள பறவைக்கு, “நெருப்புக்கோழி. எங்க வீட்டாளும் அப்படித்தான்” என்றாள். ராத்திரி தூக்கம் வராமல் போனில் பார்த்ததெல்லாம் அன்றைக்குப் பாத்திரமாக மாறிக்கொண்டிருந்தது. பனியன் போட்ட பையன்கள் தொடை தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

நடுவில் வெள்ளைச்சாமி மாமா வந்து ஒரு வம்பை இழுத்தார். வாழைமரத்துக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி வந்து, “வானத்துல எத்தன நச்சத்திரம் இருக்கு?” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. விசில் ஊதியது. மாமா நேராகப் போய் அண்டாவின் மேல் கைவைத்தார்.

“இருங்க, பதில் என்ன?” என்றார் அய்யப்பன் அண்ணன்.

“எனக்கு எப்படித் தெரியும்? மாட்ட அவுக்குறவன் மாட்டப் புடிச்சுக் காட்டணுமா? புடிபடல, பரிசு எனக்கு.”

சொல்லப்போனால் ஞாயம்தான். அரைமணி நேரம் கூச்சல். கடைசியில் கமிட்டி கூடி, பிடிபடாத கேள்விக்கு விடையைக் கேள்விக்காரர் மைக்கில் சொன்னால்தான் பரிசு என்று முடிவு செய்தது. வெள்ளைச்சாமி மாமா அண்டாவிலிருந்து கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு என் முறை வந்தது. புதுச் சேலைதான் கட்டியிருந்தேன். வாழைமரத்துக்குப் பின்னால் நின்றபோது, கருப்பனுக்கு வாடிவாசலுக்குப் பின்னால் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் முன்வரிசையில், மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுசாமி அண்ணன் குரலை உயர்த்தினார்.

“அடுத்து வருவது, மாடுன்னா மாடு அப்படி ஒரு மாடு, கருப்பன் காளைக்குச் சொந்தக்காரர், பழனிச்சாமி வீட்டுக் கேள்வி. வருது பாரு, பழனிச்சாமி வீட்டுக் கேள்வி.”

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. காலையில் மெனக்கெட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேனே. மாட்டின் பேர் வந்துவிட்டது, புருசன் பேர் இரண்டு தடவை வந்துவிட்டது. அழகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் மைக்கின் முன்னால் போய் நின்றேன். முந்திரியாவது ஒன்றாவது, எல்லாம் மறந்துபோயிற்று.

“கேள்விய விடு தங்கச்சி” என்றார் கண்ணுசாமி அண்ணன்.

“விடுறேண்ணே. கேள்வி இதுதான். எம் பேரு என்ன?”

எல்லாரும் சிரித்தார்கள். இது ஒரு கேள்வியா என்ற சிரிப்பு. பனியன் போட்ட ஒருவன் உடனே தொடையைத் தட்டிவிட்டு, “கந்தர்வக்கோட்டைக்காரி” என்றான்.

“அது ஊரு” என்றேன்.

“இலக்கியா அம்மா.”

“அது எம் மக பேரு.”

“பழனிச்சாமி அண்ணன் வீட்டு அண்ணி” என்றான் இன்னொருவன். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்போதுதான் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதன்பிறகு குருட்டாம்போக்கில் எறிய ஆரம்பித்தார்கள். செல்வி, மாரியம்மா, லெட்சுமி, ராசாத்தி. கமிட்டியில் ஒருவர் மீனாட்சி என்றார். எங்கள் வீட்டு விசேசத்துக்கெல்லாம் வந்து மொய் எழுதுகிற மனுசன் அவர். ஷாகிர் தம்பி பாவம், “அக்கா, அக்கான்னுதானே மீன் குடுத்தேன், இப்புடிப் பண்ணலாமா” என்று பரிதாபமாகக் கேட்டார்.

பொம்பளைகள் பக்கம் பார்த்தேன். அவர்கள் எல்லாருக்கும் என் பேர் தெரியும். மகளிர் குழுக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், ரேசன் வரிசையில் முன்னும் பின்னும் நிற்கிறவர்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு ஒரு கேள்வியையும் தப்ப விடாத அழகம்மாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மீசையைத் தடவுவதை நிறுத்தியிருந்தார். வீட்டு ஆள் பதில் சொல்லக்கூடாது, அதனால் பேசாமல் இருக்கிறார், இது எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று கிடந்து குடைந்தது. இந்த மனுசனுக்கு என் பேர் ஞாபகம் இருக்கிறதா? கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருப்பார். அதற்கப்புறம் எப்போது அவர் வாயில் வந்தது? யோசித்துப் பார்த்தேன். கோபத்தில்கூட வந்ததில்லை. கருப்பனை ஒரு நாளைக்கு நாலு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுகிற வாய் அது.

விசில் ஊதியது.

“கேள்வி வெற்றி, கேள்வி வெற்றி” என்றார் கண்ணுசாமி அண்ணன். அவர் குரலில் வழக்கமான முழக்கம் இல்லை. பழக்கம் மட்டும் விடவில்லை. “பழனிச்சாமி வீட்டுக்கு ஒரு அண்டா” என்று முடித்தார்.

உடனே என்ன நடந்தது தெரியுமா? என் வீட்டுக்காரர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேடையேறி வந்தார். வருசா வருசம் வந்து பழகிய கால். அய்யப்பன் அண்ணனும் பழக்கத்தில் அண்டாவை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

நான் மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“விடையச் சொன்னாத்தானே பரிசு? கேள்விக்குச் சொந்தக்காரர்தான் வந்துட்டாருல்ல. அவரே சொல்லட்டும்” என்று அவர் வாய்க்கு நேராக நீட்டினேன்.

நீட்டிய பிறகுதான் பயம் வந்தது. வீம்புக்கு நீட்டிவிட்டேன், இவர் முழித்துக்கொண்டு நின்றால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு தண்ணீர் எடுக்கப் போவேன்? ஊர் சிரிப்பது போகட்டும். அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க எனக்குக் கை வருமா? மைக்கைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் மைக் அவர் மீசையில் இடித்துவிட்டது.

அவர் அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கழுத்துவரை சிவந்துபோனார். இத்தனை வருசத்தில் அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

“செவந்தி” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஒலிபெருக்கிக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாதே. மந்தை முழுக்க, கோயிலுக்கு அங்கிட்டு, குளத்துக்கரை வரைக்கும் என் பேர் போயிற்று. பொம்பளைகள் பக்கம் ஒரு குலவை கிளம்பியது. யார் ஆரம்பித்தது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

அவர் என் பக்கமாகக் குனிந்து, எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுப்புட்டியா?” என்றார். மைக் இன்னும் நடுவில்தான் இருந்தது. அதுவும் ஊருக்கே கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. “ஆமா” என்றேன். அதுவும் கேட்டது.

கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகத்திலிருந்த வெட்கமும் போய்விட்டது. அடி வாங்கிய ஆள் மாதிரி அண்டாவை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கண்ணுசாமி அண்ணன் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “வெற்றி பெற்றது செவந்தி கேள்வி, அண்டா வாங்குவது செவந்தி” என்று முழங்கினார். நான் ஆசைப்பட்டது அதுதான், அட்சரம் பிசகாமல் வந்துவிட்டது. ஆனால் எனக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. இவர் எங்கே போனார் என்று கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், இனி இரண்டு நாளைக்கு ‘இந்தா’ கூட இருக்காது என்று நினைத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்தேன்.

அவர் போகவில்லை. படிக்குக் கீழேயே, அண்டாவை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

“செவந்தி, கடைசிப் படி ஆடுது. பாத்து எறங்கு” என்றார்.

மைக் மேலே கண்ணுசாமி அண்ணனிடம் இருந்தது. இது எனக்கு மட்டும்தான் கேட்டது. அண்டாவை அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.